டி என்ன என்று யார் சொல்வது? ஜெனரிக் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும் ரிஃப்ளெக்ஷனும்

க்யூவில் ஜேசன் (டேட்டாவை டெக்ஸ்டாக எழுதும் ஒரு வடிவம்) மெசேஜ்கள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும், சரிபார்க்க வேண்டும், லாகில் ஒரு வரி எழுத வேண்டும், தவறிப்போனால் மறுபடி முயல வேண்டும். இவ்வளவும் எல்லா மெசேஜுக்கும் பொது. ஆர்டர் வந்தால் என்ன செய்வது, ரீஃபண்ட் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் வேறுபடும். அதனால் பொது வேலைகளை ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் போட்டு, அதற்கு 'ஹேண்ட்லர் ஆஃப் டி' என்று பெயர் வைத்து (டி என்பது ஆர்டர், ரீஃபண்ட் போன்ற ஏதோ ஒரு டைப்புக்கான காலியிடம்; இப்படி டைப்பைப் பிறகு நிரப்பும் வசதிதான் ஜெனரிக்), 'ஹேண்டில்' என்ற ஒரே ஒரு மெத்தடைச் சப்கிளாஸ்களின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். ஆர்டர் ஹேண்ட்லர் 'ஹேண்ட்லர் ஆஃப் ஆர்டர்' கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும். ரீஃபண்டும் அப்படியே.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாவாவில் எழுத உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சுவரில் முட்டிக்கொள்வோம். ஜேசனைப் பிரிக்கும் ஜாக்சன் லைப்ரரி, "எந்தக் கிளாஸாக மாற்றித் தரட்டும்?" என்று கேட்கும். 'டி' என்பது நமக்குப் பதில். ஜாக்சனுக்கு அது பதில் இல்லை. டி-யின் கிளாஸைக் கேட்டு ஒரு வரி எழுதினால் கம்பைலரே திருப்பி அனுப்பிவிடும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ரிஃப்ளெக்ஷனை, அதாவது ஓடும்போதே ப்ரோக்ராம் தன் கிளாஸ்களைத் தானே ஆராயும் வசதியை, தேடிப் போகிறார்கள். நானும் போனேன். வேறு என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது எடுக்கலாம் என்பதைப் பார்ப்போம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோட் எழுதுகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ரன்டைமில் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யாருக்குமே முன்கூட்டித் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் ரிஃப்ளெக்ஷன்.

எரேஷரும் அதன் ஓட்டையும்

ஜாவாவுக்கு ஜெனரிக் வந்தது 2004-இல், ஐந்தாம் பதிப்போடு. அதற்கு முன் எழுதிக் குவித்திருந்த கோட் எதுவும் உடையக்கூடாது, பழைய லைப்ரரியும் புதிய லைப்ரரியும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதற்காக, ஜெனரிக் தகவலைக் கம்பைலரோடு நிறுத்திக்கொண்டார்கள். கம்பைல் ஆனபின் 'லிஸ்ட் ஆஃப் ஆர்டர்' வெறும் லிஸ்ட்தான். இதைத்தான் டைப் எரேஷர் என்கிறோம். அடுத்த ஆண்டே டாட்நெட் 2.0-இல் ஜெனரிக்கைக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்ட் வேறு முடிவு எடுத்தது. அங்கே ரன்டைமுக்கே டி தெரியும். இந்த ஒரு முடிவால் கட்டுரையின் பாதிப் பிரச்சினை டாட்நெட்டில் சி ஷார்ப் மொழி எழுதுபவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு வேறு தலைவலி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எரேஷர் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கும்போது கொடுத்த டைப் போய்விடும். ஆனால் ஒரு கிளாஸை அறிவிக்கும்போது "நான் ஹேண்ட்லர் ஆஃப் ஆர்டரின் வாரிசு" என்று எழுதியது கிளாஸ் ஃபைலுக்குள் 'சிக்னேச்சர்' என்ற பகுதியில் அப்படியே தங்கியிருக்கும். ஓட்டை இதுதான். பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் நின்றுகொண்டு, தன் உண்மையான கிளாஸ் எது என்று கேட்டு, அதன் ஜெனரிக் சூப்பர்கிளாஸை எடுத்து, அதைப் 'பாராமீட்டரைஸ்ட் டைப்' (டி-யின் இடம் நிரப்பப்பட்ட டைப்) ஆகக் காஸ்ட் செய்து, அதாவது இது இந்த டைப்தான் என்று கம்பைலரிடம் அடித்துச் சொல்லி, அதன் டைப் ஆர்குமென்டுகளில் பூஜ்யமாவதை (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், முதலில் நிற்பதை) எடுத்து, அதை மறுபடி 'கிளாஸ்' ஆகக் காஸ்ட் செய்தால் டி கையில் வந்துவிடும். ஒரே நீண்ட வரி. ஜாவாவில் டேட்டாபேஸ் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஏதாவதொரு 'ஜெனரிக் டிஏஓ' (டேட்டாபேஸை அணுகும்) கிளாஸில் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள். யார் எழுதியது என்று தெரியாமலே ப்ராஜெக்ட் விட்டு ப்ராஜெக்ட் காப்பி ஆகிப் போகும் வரி அது.

சப்கிளாஸ் எழுதுபவர் எதையும் கூடுதலாகச் சொல்ல வேண்டாம். எக்ஸ்டெண்ட் செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அதன் கவர்ச்சியே அதுதான்.

ஒரு வரி, மூன்று நம்பிக்கை

அந்த வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு காஸ்ட், ஒரு எண். மூன்றுமே ஒவ்வொரு நம்பிக்கை.

முதல் காஸ்ட், நேர் பெற்றோர் ஜெனரிக்காகத்தான் இருக்கும் என்று நம்புகிறது. யாராவது ரீஃபண்ட் ஹேண்ட்லரை எக்ஸ்டெண்ட் செய்து 'பகுதி ரீஃபண்ட் ஹேண்ட்லர்' எழுதினால் இந்த நம்பிக்கை போச்சு. அதன் நேர் பெற்றோர் ரீஃபண்ட் ஹேண்ட்லர், அது சாதாரண கிளாஸ். கிளாஸைப் பாராமீட்டரைஸ்ட் டைப்பாக மாற்ற முடியாது என்று ஒரு கிளாஸ் காஸ்ட் எக்ஸப்ஷன் விழும். இதை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அப்ளிகேஷன் தொடங்கும்போதே சத்தமாக விழுகிறது, பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது, அந்தப் பூஜ்யம். எங்களைக் கடித்தது இதுதான். அப்போது நான் இருந்த டீமில் ஒரே மெசேஜ் இரண்டு முறை வந்தால் இரண்டாவதைத் தடுக்க ஒரு நடு அடுக்கு வேண்டியிருந்தது. அதற்காக 'ஒருமுறை ஹேண்ட்லர்' என்று இன்னொரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எழுதினோம். அதற்கு இரண்டு டைப் பாராமீட்டர்: முதலில் சாவி, இரண்டாவது மெசேஜ். ரீஃபண்ட் ஹேண்ட்லர் இப்போது 'ஒருமுறை ஹேண்ட்லர் ஆஃப் ரீஃபண்ட் கீ, ரீஃபண்ட்' என்பதை எக்ஸ்டெண்ட் செய்தது. நேர் பெற்றோர் ஜெனரிக்தான், அதனால் முதல் காஸ்ட் சமர்த்தாகத் தாண்டியது. பூஜ்யமாவது ஆர்குமென்ட் எது? ரீஃபண்ட் கீ.

இதன்பின் நடந்தது கொஞ்சம் நுணுக்கமானது. தெரியாத ஃபீல்ட் வந்தால் பொருட்படுத்தாதே என்று ஜாக்சனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அதனால் அது முழு ரீஃபண்ட் ஜேசனையும் வாங்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஃபீல்டை எடுத்து, ஒரு ரீஃபண்ட் கீ ஆப்ஜெக்டைக் கொடுத்துவிட்டது. குறையே இல்லை. பேஸ் கிளாஸுக்குள் டி என்பது எரேஷருக்குப் பின் வெறும் ஆப்ஜெக்ட்தான், அதனால் அங்கேயும் யாரும் தடுக்கவில்லை. கடைசியில் 'ஹேண்டில்' மெத்தடைக் கூப்பிட்டபோதுதான் விழுந்தது. அதுவும் எங்கே? ஸ்டேக் ட்ரேஸ் காட்டிய வரியில் காஸ்டே கிடையாது. ரீஃபண்ட் ஹேண்ட்லர் கிளாஸை அறிவிக்கும் முதல் வரி அது. காரணம், ஜெனரிக் மெத்தடை ஓவர்ரைட் செய்யும்போது கம்பைலர் நமக்குத் தெரியாமல் ஒரு 'பிரிட்ஜ் மெத்தட்' எழுதி வைக்கும். ஆப்ஜெக்டை வாங்கி, ரீஃபண்டாகக் காஸ்ட் செய்து, நம் மெத்தடுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த மறைமுகக் காஸ்டுக்குச் சொந்த வரி எண் இல்லாததால் கிளாஸ் அறிவிப்பு வரியையே காட்டும். அதை அறியாத நாங்கள் இரண்டு மணி நேரம் அந்த வரியையே முறைத்துக்கொண்டு இருந்தோம். தவறினால் மறுபடி முயலும் வேலையைப் பேஸ் கிளாஸ் வேறு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது நம்பிக்கை, கிடைக்கும் ஆர்குமென்ட் நேரடியான ஒரு கிளாஸ் என்பது. 'ஹேண்ட்லர் ஆஃப் லிஸ்ட் ஆஃப் ஆர்டர்' என்று யாராவது எழுதினால் கையில் கிடைப்பது இன்னொரு பாராமீட்டரைஸ்ட் டைப், கிளாஸ் இல்லை. கடைசிக் காஸ்ட் விழும். முதலாவதைப் போல இதுவும் சத்தமாகவே விழும்.

புராக்சி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் நம் கிளாஸுக்கு ரன்டைமில் ஒரு சப்கிளாஸை உருவாக்கி அதை முன்னால் நிறுத்தும். பெரும்பாலும் மெத்தட் அழைப்புகள் உள்ளே இருக்கும் உண்மையான ஆப்ஜெக்டுக்குப் போய்விடும், பிரச்சினை வராது. ஆனால் பேஸ் கிளாஸின் மெத்தட் ஒன்றை 'ஃபைனல்' என்று பூட்டியிருந்தால் புராக்சியால் அதை ஓவர்ரைட் செய்ய முடியாது. அது புராக்சியின் மேலேயே ஓடும். ஸ்பிரிங் 4-இல் இருந்து புராக்சியைக் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலே உருவாக்குவதால், கன்ஸ்ட்ரக்டரில் நாம் நிரப்பிய ஃபீல்ட் அங்கே 'நல்' (null), அதாவது காலி. நியாயமாகச் சொன்னால் இது ரிஃப்ளெக்ஷனின் குற்றம் இல்லை. அடுத்து நான் சிபாரிசு செய்யப் போகும் வழியையும் இது கடிக்கும்.

சப்கிளாஸே சொல்லட்டும்

மிகப் பழைய, மிக எளிய மாற்று: பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் 'கிளாஸ் ஆஃப் டி' ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். ஆர்டர் ஹேண்ட்லர் தன் கன்ஸ்ட்ரக்டரில் சூப்பரைக் கூப்பிட்டு, ஆர்டர் கிளாஸைக் கொடுக்கும். இதைக் கிளாஸ் டோக்கன் என்பார்கள்.

இதன் மேல் வரும் ஒரே புகார், ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது என்பது. எக்ஸ்டெண்ட் செய்யும் இடத்தில் ஒருமுறை ஆர்டர், சூப்பரைக் கூப்பிடும் இடத்தில் இன்னொரு முறை ஆர்டர். உண்மைதான். ஆனால் இரண்டையும் கம்பைலர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'ஹேண்ட்லர் ஆஃப் ஆர்டர்' என்று எழுதிவிட்டு ரீஃபண்ட் கிளாஸைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. எங்கள் சாவிக் குழப்பம் டோக்கன் வழியில் நடந்திருக்கவே வழியில்லை. நடுவில் எத்தனை அடுக்கு வந்தாலும், டைப் பாராமீட்டர்கள் எந்த வரிசையில் நின்றாலும், டோக்கன் கையிலிருந்து கைக்குப் போய் மேலே சேரும். பன்னிரண்டு சப்கிளாஸ் இருந்தால் பன்னிரண்டு வரி கூடுதல். அவ்வளவுதான் செலவு. சி ஷார்ப்காரர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கன்ஸ்ட்ரக்டருக்குப் பதிலாக, கிளாஸைத் திருப்பித் தரும் ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை வைப்பவர்களும் உண்டு. சப்கிளாஸுக்குக் கன்ஸ்ட்ரக்டரே எழுத வேண்டாம் என்பது அதன் வசதி. ஒரு கண்ணி இருக்கிறது. பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே அந்த மெத்தடைக் கூப்பிட்டு, சப்கிளாஸ் அங்கே ஒரு ஃபீல்டைத் திருப்பிக் கொடுத்தால், ஜாவாவில் நல்தான் வரும். சப்கிளாஸின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு கிடைப்பது வழக்கமாகப் பேஸ் கன்ஸ்ட்ரக்டர் முடிந்தபின்தான். சி ஷார்ப்பில் அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பு கொடுத்த ஃபீல்டுகள் பேஸ் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால், அதே கோட் அங்கே ஓடும், இங்கே உடையும். இரண்டு மொழியிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இதில் வழுக்கி விழுந்து நான் பார்த்திருக்கிறேன். மெத்தடில் நேரடியாக ஆர்டர் கிளாஸையே எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

சில நேரம் பேஸ் கிளாஸுக்கு டி-யின் பெயரே வேண்டாம். காலியான ஒரு டி ஆப்ஜெக்ட் கிடைத்தால் போதும். அதற்குக் கிளாஸை வாங்கி, கன்ஸ்ட்ரக்டரைத் தேடி, ரிஃப்ளெக்ஷன் வழியாக இன்ஸ்டன்ஸ் உண்டாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல. ஒரு சப்ளையரை, அதாவது 'ஆர்டர் நியூ' என்ற மெத்தட் ரெஃபரன்ஸை, கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதா, பப்ளிக்கா என்ற கேள்வியெல்லாம் கம்பைலரிடம் போய்விடும். உள்ளே எறியப்பட்ட எக்ஸப்ஷனை 'இன்வொகேஷன் டார்கெட் எக்ஸப்ஷன்' என்ற உறைக்குள் போட்டுக் கொடுக்கும் வழக்கமும் இங்கே இல்லை. அந்த உறையைப் பிரிக்காமல் லாகில் எழுதிவிட்டு, உண்மைக் காரணம் தெரியாமல் திண்டாடிய டீம்கள் எத்தனையோ.

லிஸ்ட் ஆஃப் ஆர்டர் வந்தால்

கிளாஸ் டோக்கன் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஜாவாவில் 'லிஸ்ட் ஆஃப் ஆர்டர்' என்பதற்குத் தனிக் கிளாஸ் ஆப்ஜெக்ட் கிடையாது. லிஸ்டுக்கு மட்டும்தான் உண்டு. முரட்டுத்தனமாகக் காஸ்ட் செய்து லிஸ்ட் கிளாஸையே கொடுத்தால், ஜாக்சன் உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் லிங்க்ட் ஹாஷ்மேப்களை நிரப்பிக் கொடுக்கும். லிங்க்ட் ஹாஷ்மேப்பை ஆர்டராக மாற்ற முடியாது என்ற அந்தப் பிரபலமான எர்ரரைப் பார்க்காத ஜாவாக்காரர் இருக்க மாட்டார்.

இதற்கு 2006-இல் நீல் காஃப்டர் ஒரு உபாயம் எழுதினார்: சூப்பர் டைப் டோக்கன். ஜாக்சனில் 'டைப் ரெஃபரன்ஸ்', ஜிசன், குவாவா லைப்ரரிகளில் 'டைப் டோக்கன்', ஸ்பிரிங்கில் 'பாராமீட்டரைஸ்ட் டைப் ரெஃபரன்ஸ்' எல்லாம் இதே குடும்பம். ஒரு காலி அப்ஸ்ட்ராக்ட் ஜெனரிக் கிளாஸ்; அதைப் பயன்படுத்தும் இடத்தில் ஒரு ஜோடி சுருள் அடைப்பைத் திறந்து மூடி, பெயரில்லாத ஒரு சப்கிளாஸை உண்டாக்குகிறோம். அந்தச் சப்கிளாஸின் சிக்னேச்சரில் 'லிஸ்ட் ஆஃப் ஆர்டர்' முழுதாகப் பதிந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது முன்பு நான் திட்டித் தீர்த்த அதே ரிஃப்ளெக்ஷன் வரிதான். பெற்றோரை எடு, பூஜ்யமாவது ஆர்குமென்டை எடு. பின் ஏன் இது பரவாயில்லை, அது ஆகாது? இங்கே அந்தச் சப்கிளாஸுக்கு வேறு பிழைப்பே இல்லை. டைப்பைச் சுமப்பது ஒன்றே அதன் வேலை. நடுவில் யாரும் அடுக்கு சேர்க்க மாட்டார்கள், டைப் பாராமீட்டர் ஒன்றே ஒன்று. முதல் இரண்டு நம்பிக்கையும் அமைப்பிலேயே உறுதி. கிளாஸாகக் காஸ்ட் செய்யாமல் 'டைப்' ஆகவே வைத்துக்கொள்வதால் மூன்றாவதும் தேவையில்லை. நம் ஹேண்ட்லர் அப்படியா? பத்துப் பேர் பத்து வருடம் எக்ஸ்டெண்ட் செய்யப் போகும் கிளாஸ் அது.

இதிலும் ஒரு பள்ளம்: ஜெனரிக் மெத்தடுக்குள் நின்றுகொண்டு டி-க்கே ஒரு டைப் ரெஃபரன்ஸ் உண்டாக்கினால், பதிவது ஆர்டர் இல்லை, 'டி' என்ற எழுத்துதான்.

ஆகவே மெசேஜ்களில் லிஸ்ட், மேப் எல்லாம் டி-யாக வரும் என்றால் கன்ஸ்ட்ரக்டரில் கிளாஸுக்குப் பதில் டைப் ரெஃபரன்ஸை வாங்குங்கள். வராது என்றால் கிளாஸ் போதும். இரண்டையும் ஏற்கும் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் வைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிஃப்ளெக்ஷன்தான் வேண்டும் என்றால்

சில இடங்களில் சப்கிளாஸை நாம் தொட முடியாது. லைப்ரரி எழுதுகிறோம், நூறு பேர் ஏற்கெனவே எக்ஸ்டெண்ட் செய்துவிட்டார்கள், கன்ஸ்ட்ரக்டரை மாற்றினால் எல்லோருக்கும் உடையும். சரி, அப்போது ரிஃப்ளெக்ஷன்தான். ஆனால் அந்த ஒரு வரியைக் கையால் எழுதாதீர்கள். சரியாகச் செய்ய, கீழிருந்து ஹேண்ட்லர் வரை ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் எந்த டைப் வேரியபிள் எதோடு பொருந்துகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். ஸ்பிரிங்கில் 'ஜெனரிக் டைப் ரிசால்வர்', 'ரிசால்வபிள் டைப்' இதைச் செய்கின்றன. குவாவாவின் டைப் டோக்கனும் செய்யும். ஜாக்சனின் டைப் ஃபேக்டரியிலேயே, இந்தக் கிளாஸுக்கு அந்தப் பேஸ் கிளாஸின் பாராமீட்டர்கள் என்ன என்று கேட்க ஒரு மெத்தட் இருக்கிறது. எங்கள் சாவிக் குழப்பத்தை இவற்றில் எதுவும் சரியாகத் தீர்த்திருக்கும். கேள்வி "பெற்றோரின் பூஜ்யமாவது ஆர்குமென்ட் என்ன" என்பதில் இருந்து "ஹேண்ட்லர் அறிவித்த டி-க்கு இங்கே என்ன பொருள்" என்பதாக மாறிவிடுகிறது அல்லவா.

இன்னொன்று. கண்டுபிடித்த டைப்பைப் பேஸ் கிளாஸின் ஸ்டாட்டிக் ஃபீல்டில் கேஷ் செய்து வைக்காதீர்கள். ஜாவாவில் ஹேண்ட்லருக்கு ஸ்டாட்டிக் ஃபீல்ட் ஒன்றுதான். ஆர்டரும் ரீஃபண்டும் அதையே பங்கு போட்டுக்கொள்ளும், கடைசியாக எழுதியவர் வென்றார். சி ஷார்ப்பில் 'ஹேண்ட்லர் ஆஃப் ஆர்டர்' ஒன்றுக்கும் 'ஹேண்ட்லர் ஆஃப் ரீஃபண்ட்' ஒன்றுக்கும் தனித்தனி ஸ்டாட்டிக் ஃபீல்ட்.

லாம்டாவில், அதாவது பெயரில்லாமல் அங்கங்கே எழுதும் சிறு ஃபங்ஷனில், இந்த வழி எதுவும் பலிக்காது. ஹேண்ட்லரை நாளை ஒரு இன்டர்ஃபேஸாக்கி, சப்கிளாஸுக்குப் பதில் லாம்டா கொடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் படிக்கச் சிக்னேச்சரே இருக்காது. டேட்டா ஓட்டத்தைக் கையாளும் அப்பாச்சி ஃபிளிங்க் பயன்படுத்துபவர்களுக்கு இது தெரியும்: லாம்டா எழுதினால் சில இடங்களில் திருப்பித் தரும் டைப்பைத் தனியாக அறிவிக்கச் சொல்லும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வம்பு. ஆப்பைச் சுருக்கும் ஆர்8 கருவி அந்தச் சிக்னேச்சர் பகுதியையே தூக்கி எறியக்கூடும். வைத்திரு என்று அதன் விதிகளில் சொல்ல வேண்டும். டீபக் பில்டில் ஓடி, ரிலீஸ் பில்டில் விழும் பக்குகளில் இதுவும் ஒன்று.

சி ஷார்ப் பக்கம்

டைப் ஆஃப் டி என்று எழுதினால் வந்துவிடும். நடுவில் எத்தனை அடுக்கு இருந்தாலும் பேஸ் கிளாஸுக்குத் தன் டி தெரியும். காலி ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் 'நியூ' கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டருக்கு மட்டும். ஆர்குமென்ட் வேண்டுமென்றால் இங்கேயும், ஜாவாவின் சப்ளையரைப் போல, ஃபங்க் ஒன்றை வாங்குவதே நல்லது. 2022-இல் வந்த சி ஷார்ப் 11-இல் இன்டர்ஃபேஸில் ஸ்டாட்டிக் அப்ஸ்ட்ராக்ட் மெம்பர் வைக்கலாம். "டி-க்கு உருவாக்கு என்ற ஸ்டாட்டிக் மெத்தட் கட்டாயம்" என்று விதித்துவிட்டால் ரிஃப்ளெக்ஷன் பேச்சே எழாது.

அவர்கள் தடுமாறும் இடம் வேறு. "ஹேண்ட்லரின் வாரிசுகள் யார் யார்?" என்று அசெம்பிளியில் (கம்பைல் ஆன டாட்நெட் ஃபைலில்) தேடும்போது, டி நிரப்பாத திறந்த ஹேண்ட்லர் டைப்பை வைத்து 'இஸ் சப்கிளாஸ் ஆஃப்' என்று கேட்டால் எப்போதும் இல்லை என்றே பதில் வரும். ஆர்டர் ஹேண்ட்லரின் பெற்றோர் 'ஹேண்ட்லர் ஆஃப் ஆர்டர்'. திறந்த ஹேண்ட்லர் இல்லை. பேஸ் டைப்பை ஒவ்வொன்றாக ஏறி, அது ஜெனரிக்கா என்று பார்த்து, அதன் ஜெனரிக் டெஃபினிஷனை எடுத்து ஒப்பிட வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்களையும், டி இன்னும் நிரப்பாத கிளாஸ்களையும் கழிக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஸ்டன்ஸ் உண்டாக்கும்போது விழும்.

அப்புறம், கண்டுபிடித்த ஹேண்ட்லரின் 'ஹேண்டில்' மெத்தடை எப்படிக் கூப்பிடுவது? டி கம்பைல் நேரத்தில் தெரியாது. பலர் மெத்தட் இன்ஃபோவை எடுத்து இன்வோக் செய்கிறார்கள். தேவையே இல்லை. ஜெனரிக் இல்லாத ஒரு சிறிய இன்டர்ஃபேஸை மேலே வையுங்கள்: ஜேசன் ஸ்ட்ரிங்கை வாங்கும் ஒரே ஒரு மெத்தட். ஜெனரிக் பேஸ் கிளாஸ் அதை எழுதிக்கொண்டு, உள்ளே டி-ஆக மாற்றி, தன் அப்ஸ்ட்ராக்ட் மெத்தடைக் கூப்பிடும். வெளியில் இருப்பவருக்கு டி என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். ஜாவாவிலும் இதே மருந்துதான். அங்கே ரிஃப்ளெக்ஷனால் 'ஹேண்டில்' மெத்தடைத் தேடினால் பிரிட்ஜோடு சேர்த்து இரண்டு அகப்படும் என்பது கூடுதல் காரணம்.

பைத்தானில் கதை இன்னும் வேறு. 3.6-இல் வந்த 'இனிட் சப்கிளாஸ்' இருப்பதால், வாரிசு பிறந்த கணமே பேஸ் கிளாஸுக்குத் தகவல் போகும். அங்கேயே பட்டியலில் சேர்த்துவிடலாம். அந்த மாட்யூலை யாராவது இம்போர்ட் செய்திருக்க வேண்டும், அவ்வளவே.

வாரிசுகளைத் தேடலாமா?

இங்கே கேள்வியே வேறு. "டி என்ன" என்பது சப்கிளாஸ் எழுதியவருக்குத் தெரியும். "மொத்தம் எத்தனை சப்கிளாஸ்" என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாமல் இருக்கலாம், பிளகின் அமைப்பென்றால் நிச்சயம் தெரியாது. இங்கே ரிஃப்ளெக்ஷனுக்கு நியாயம் உண்டு. ஸ்பிரிங் இருந்தால் அதுவே தேடித் தொகுத்து லிஸ்டாகக் கொடுத்துவிடும். இல்லையென்றால் ஜாவாவின் சர்வீஸ் லோடரைப் பார்க்கலாம். ஒரு ஃபைலில் கிளாஸ் பெயர்களை எழுதி வைத்தால் அது ஏற்றிக் கொடுக்கும். ஹேண்ட்லர்கள் எல்லாம் ஒரே ரெப்போவில், இருபதுக்குள் என்றால் கையால் எழுதிய பட்டியலே எனக்குப் பிடிக்கும். படித்தால் புரியும், ஐடிஇ-யில் தேடினால் கிடைக்கும். மறந்துவிடுவார்கள் என்பதே அதன் குறை.

வேகத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். தொடக்கத்தில் ஒருமுறை சிக்னேச்சரைப் படிப்பதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். மெசேஜுக்கு மெசேஜ் செய்யாமல் இருந்தால் போதும். முழு கிளாஸ்பாத்தையும் தேடுவது வேறு, அது தொடக்க நேரத்தில் தெரியும்.

கவலைப்பட வேண்டியது நேட்டிவ் பில்ட், அதாவது முன்கூட்டியே மெஷின் கோடாக மாற்றிவிடும் பில்ட் பற்றித்தான். கிரால்விஎம் நேட்டிவ் இமேஜோ, 2022-இல் டாட்நெட் 7-இல் வந்த நேட்டிவ் ஏஓடி-யோ, எது பயன்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு மற்றதை வெட்டிவிடும். ரிஃப்ளெக்ஷனால் தொடப்போவதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அந்தத் திசையில் போகும் எண்ணம் இருந்தால் டோக்கனும் சப்ளையரும் கையால் எழுதிய பட்டியலும் இன்னும் அழகாகத் தெரியும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்: ஆர்டர் கிளாஸின் ஃபீல்டுகளை ஜாக்சன் படிப்பதே ரிஃப்ளெக்ஷனால்தான். நம் பேஸ் கிளாஸில் ஒரு வரியை எடுத்துவிட்டதால் அந்த வேலை குறையாது.

எங்கள் ஹேண்ட்லரை ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் பழைய வரிக்குப் பதில் ரிசால்வரைப் போட்டோம், பக் அன்றே போனது. பிறகு டோக்கன் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்து, பழையதை டெப்ரிகேட்டட் என்று குறித்தோம். சப்கிளாஸ்களை வேறு வேலைக்காகத் தொடும்போதெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினோம். கடைசிச் சப்கிளாஸும் மாறியதும் பழைய கன்ஸ்ட்ரக்டரை நீக்கினோம். தானியங்கித் தேடலையும் எடுத்துவிட்டு, பட்டியலைக் கையால் எழுதினோம்.

ரிஃப்ளெக்ஷன் இப்போது டெஸ்ட் ஃபோல்டரில் மட்டும் இருக்கிறது. ஹேண்ட்லரின் வாரிசுகளை எல்லாம் தேடிப் பிடித்து, அப்ஸ்ட்ராக்டைக் கழித்துவிட்டு, மீதி ஒவ்வொன்றும் கையால் எழுதிய பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் வாரத்திலேயே ஒரு ஹேண்ட்லர் எழுதி, பட்டியலில் சேர்க்காமல் அனுப்பினார். விடுபட்ட கிளாஸின் பெயரைச் சொல்லி பில்ட் சிவப்பாகி நின்றது. ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினார்.